சக்கை, கொள்ளு, ஜி1/93: ஓர் எதிர்ப்பொருளின் முன்கதை

திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது இதய வால்வு. வலியத்தான் தலைமையில் உருவாகி 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு அந்தப் புகழுக்குத் தகுதியானதே. ஆனால் அதே நிறுவனத்தின் நரம்பு வேதியியல் பிரிவிலிருந்து, வால்வுக்கு எட்டாண்டுகள் முன்னர், 1982-இல், ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. இந்திய அறிவியல் அகாதெமியின் 'ஜர்னல் ஆஃப் பயோசயன்சஸ்' இதழில் அதனை எழுதியவர்கள் ஜி. சுரேஷ் குமார், பி. எஸ். அப்புக்குட்டன், தேப்குமார் பாசு ஆகிய மூவர். பொருள்: பலாக்கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட, காலக்டோஸ் சர்க்கரையைப் பற்றும் ஒரு புரதம். வால்வுக்கு இருக்கும் நினைவு இக்கட்டுரைக்கு இல்லை. செல்லுக்குள் புரதங்கள் எவ்வழியே பயணம் செய்கின்றன, அப்பயணத்தை எந்தக் கருவியால் காண்கிறோம் என்ற வரலாற்றை எழுதுபவர்கள் கேம்பிரிட்ஜிலோ பேசலிலோ தொடங்குவது வழக்கம். பலாக்கொட்டையிலிருந்தும் தொடங்கலாம் என்பதற்கு இக்கட்டுரை ஒரு சான்று.

இன்றைய ஆய்வுமாணவர் ஒரு புரதத்தைக் கண்டறிய வேண்டுமானால் விலைப்பட்டியலைப் புரட்டி அதற்குரிய எதிர்ப்பொருளை வரவழைக்கிறார். உறைபனிக்கட்டிப் பெட்டியில் வந்து சேரும் நூறு மைக்ரோலிட்டர் திரவம் அது. இந்தப் பழக்கம் மிக அண்மையது. அதற்கு முன்பே செல்லின் மேற்பரப்பையும் உட்புறத்தையும் அடையாளம் காட்டிய பொருள்கள் தாவர விதைகளில் கிடைத்தன. 1888-இல் டோர்பாட் பல்கலைக்கழகத்தில் ஸ்டில்மார்க் ஆமணக்கு விதைச் சாறு சிவப்பணுக்களைத் திரட்டுவதைக் கண்டார். வாளவரை இனத்து விதையிலிருந்து ஜேம்ஸ் சம்னர் கான்கனவாலின் என்ற புரதத்தைப் படிகமாக்கினார். இவை எல்லாவற்றிற்கும் பொதுப்பெயராக 'லெக்டின்' என்ற சொல்லை 1954-இல் வில்லியம் பாய்டு வழங்கினார். தேர்ந்தெடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து அவர் அதனை எடுத்தார். எதிர்ப்பொருளைப் போலவே லெக்டினும் தேர்ந்து பற்றுகிறது. வேறுபாடு, எதிர்ப்பொருளை விலங்கின் நோயெதிர்ப்பு மண்டலம் அழைப்பின் பேரில் உருவாக்குகிறது. லெக்டினோ யாரும் அழைக்காமல் விதைக்குள் காத்திருக்கிறது.

இந்திய மண்ணில் இவ்வரலாறு கொள்ளிலிருந்து தொடங்குகிறது. இந்தியாவில் பணியாற்றிய ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட், கொள்ளுச் சாறு மனித இரத்தத்தின் ஏ வகைச் சிவப்பணுக்களைத் திரட்டுவதை 1951-இல் பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அறிவித்தார். தக்கபடி நீர்த்த கொள்ளுச் சாறு ஏ1 உட்பிரிவை மட்டும் திரட்டி, ஏ2-வை விட்டுவிடும். இரத்த வங்கிகளில் இன்றளவும் அந்த உட்பிரிவைப் பிரித்தறிய இதே லெக்டின் பயன்படுகிறது. குதிரைக்கு வைக்கும் தானியம், ரசத்திற்குப் போடும் தானியம், இரத்தத்தின் உட்பிரிவை அறியும் சோதனைப் பொருளாயிற்று. அதற்குக் காரணம் ஒரே ஒரு சர்க்கரை: என்-அசிட்டைல்காலக்டோசமைன். அந்தச் சர்க்கரை சிவப்பணுவின் மேற்பரப்பில் எத்தனை அடர்த்தியாக நிற்கிறதோ அத்தனை வலுவாகக் கொள்ளு அதனைப் பிடிக்கும்.

இந்திய லெக்டின் ஆய்வின் இன்னொரு ஊற்று வேலூர். கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பிமல் குமார் பச்சாவத் 1950-களில் கட்டியெழுப்பிய நரம்பு வேதியியல் ஆய்வகம், மருத்துவமனைப் படுக்கைக்கும் சோதனைக்குழாய்க்கும் இடையே தூரம் குறைவாக இருந்த இடம். மூளையின் வெண்பொருள் சிதையும் ஒரு பரம்பரை நோயில் சல்ஃபடேஸ் ஏ என்ற லைசோசோம் நொதி குறைந்திருப்பதை 1963-இல் ஜேம்ஸ் ஆஸ்டினுடன் சேர்ந்து வெளிப்படுத்தியவர்களுள் பச்சாவத்தும் ஏ. எஸ். பாலசுப்பிரமணியனும் இருந்தனர். செல்லின் உட்பயணம் பற்றிய அக்கறை, அப்பெயர் வழக்கில் இல்லாத காலத்திலேயே, அங்கு இருந்தது எனலாம்: லைசோசோம் நொதி லைசோசோமை எப்படிச் சென்றடைகிறது என்பது பயணத்தைப் பற்றிய கேள்விதான். அந்த ஆய்வகத்து மாணவர்களுள் ஒருவர் அவதேஷ சுரோலியா; பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திற்குச் சென்றார். இன்னொருவர் அப்புக்குட்டன். இவ்விருவரும் பச்சாவத்தும் சேர்ந்து ஆமணக்கு விதையின் இரு காலக்டோஸ் பற்றும் புரதங்களைப் பிரித்தெடுத்த முறையை 1977-இல் வெளியிட்டனர். அம்முறையின் அடிப்படை எளியது. லெக்டின் விரும்பும் சர்க்கரையை அசையாத் துகள்களில் நிலைப்படுத்தி, கண்ணாடிக் குழாயில் நிரப்பி, விதைச் சாற்றை மேலிருந்து ஊற்ற வேண்டும். எல்லாம் வழிந்தோட லெக்டின் மட்டும் தங்கும். பிறகு அதே சர்க்கரைக் கரைசலை ஊற்றினால் லெக்டின் பிடியை விட்டு வெளியே வரும்.

இந்தக் கைப்பழக்கத்துடன் அப்புக்குட்டன் திருவனந்தபுரத்திற்கு வந்தார். நாடாளுமன்றச் சட்டத்தின் வழி 1980-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டிருந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் அப்போது புதியது. பலாவோ அந்நகரின் எந்தத் தெருவிலும் நின்றது. பருவகாலத்தில் கொட்டைகள் காசில்லாமல் கிடைக்கும் ஊரில், காலக்டோஸ் பற்றும் லெக்டின் ஒன்றைத் தேடியவர்கள் பலாவிடம் சென்றது இயல்பு.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், உலகின் மறுகோடியில், பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்து ரிபெய்ராவ் பிரேத்தோ நகரிலும் பலாக்கொட்டை அரைக்கப்பட்டுக் கொண்டிருந்தது. பன்-மொரேனோ, கம்போஸ்-நெத்தோ இருவரும் அச்சாறு மனித வெள்ளணுக்களைத் தூண்டுவதை 1981-இல் எழுதினர். 1985-இல் ரோக்கே-பரெய்ரா, கம்போஸ்-நெத்தோ இருவரும் எழுதிய கட்டுரைதான் உலகின் கவனத்தைத் திருப்பியது. பலா லெக்டின் மனித இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் வகைகளில் ஐ.ஜி.ஏ-வைத் தேர்ந்து பற்றுகிறது என்பது அதன் செய்தி. அந்தப் புரதத்திற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜக்காலின்'. அப்பெயரே நிலைத்தது.

பெயரின் வேரைத் தோண்டினால் மீண்டும் மலையாளக் கரையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. பிரேசிலில் பலாவுக்கு 'ஜாக்கா' என்று பெயர், போர்ச்சுக்கீசியச் சொல், அதன் மூலம் மலையாளச் 'சக்க'. 1563-இல் கோவாவில் அச்சான தம் உரையாடல் நூலில் கார்சியா த ஓர்த்தா மலபாரில் இப்பழத்திற்கு வழங்கும் பெயரைக் குறிக்கிறார். வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலும் சக்க மரத்தை அதன் மலையாளப் பெயரிலேயே பதிவு செய்கிறது. அப்பெருநூலின் ஆங்கிலப் பெயர்ப்பைக் கே. எஸ். மணிலால் முடிக்க, 2003-இல் வெளியிட்டதும் திருவனந்தபுரத்துக் கேரளப் பல்கலைக்கழகமே. போர்ச்சுக்கீசியரின் கப்பலேறி அத்திலாந்திக்கைக் கடந்த மரமும் சொல்லும், சில நூற்றாண்டுகளுக்குப் பின், வேதிப்பொருள் விலைப்பட்டியலின் ஒரு வரியாகக் கேரளத்து ஆய்வகங்களுக்குத் திரும்பி வந்தன. கொட்டை வாசலில் உதிர்ந்து கிடக்க, புட்டியிலடைத்த ஜக்காலின் டாலர் கொடுத்து இறக்குமதியாவது இந்திய அறிவியலின் வழக்கமான நகைமுரண்களில் ஒன்று.

திருவனந்தபுரத்துக் கட்டுரையின் முன்னுரிமை பறிக்கப்பட்டது என்று இதனைப் படிப்பது தவறாகும். பிரேசில் குழுவின் முதல் கட்டுரை ஓராண்டு முந்தியது, ஐ.ஜி.ஏ-வைப் பற்றும் பண்பைக் கண்டதும் அவர்களே. ஆயினும் புரதத்தைச் சர்க்கரையின் துணையால் தூய்மைப்படுத்தி, அது எச்சர்க்கரையை விரும்புகிறது என்று வகுத்துக்காட்டிய பணியில் திருவனந்தபுரத்திற்கு உரிய இடம் உண்டு. பெயர் வைத்தவரையே வரலாறு நினைவில் கொள்கிறது. 'காலக்டோஸ் சார்ந்த பலா விதை லெக்டின்' என்ற சொற்றொடர் 'ஜக்காலின்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு முன் நிற்க முடியவில்லை.

ஐ.ஜி.ஏ-வைப் பற்றுவதில் அப்படி என்ன இருக்கிறது? ஐ.ஜி.ஏ நம் உடலின் சளிச்சவ்வுகளைக் காக்கும் எதிர்ப்பொருள். தாய்ப்பாலிலும் உமிழ்நீரிலும் குடலிலும் அது நிறைந்திருப்பதற்கு, எபிதீலியச் செல்லின் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற வேண்டும். அதனைச் சுமந்து செல்லும் ஏற்பிப் புரதத்தின் அமைப்பை மோஸ்டோவ், ஃப்ரீட்லாண்டர், புளோபெல் ஆகியோர் 1984-இல் விளக்கினர். செல்லின் உட்பயணத்திற்குப் பாடநூல்கள் தரும் சிறந்த எடுத்துக்காட்டுகளில் அது ஒன்று. ஐ.ஜி.ஏ-வின் இரு வகைகளில் முதல் வகைக்கு மட்டும் நடுவே ஒரு நீண்ட மூட்டுப் பகுதி உண்டு. அம்மூட்டில் தொங்கும் குறுஞ்சர்க்கரைச் சங்கிலிகள் கோல்கை உறுப்பில் ஒட்டப்படுபவை. ஜக்காலின் பிடிப்பது அந்தச் சங்கிலிகளைத்தான். ஆகவே அது ஐ.ஜி.ஏ1-ஐப் பற்றும்; அந்த மூட்டு இல்லாத ஐ.ஜி.ஏ2-ஐ விட்டுவிடும். வேறு வகையில் சொன்னால், பலாக்கொட்டைப் புரதம் படிப்பது கோல்கை உறுப்பு இட்டனுப்பிய முத்திரையை.

அப்புக்குட்டனின் குழு பின்னாளில் மனித இரத்தத்தில் இயல்பாகவே உள்ள, காலக்டோஸை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் பக்கம் திரும்பியது. அவை பற்றும் கூறுகள் மனித மூளையின் சர்க்கரைப் புரதங்களிலும் உள்ளன என்று 1993-இல் எழுதினர். லெக்டினில் தொடங்கிய ஆய்வு எதிர்ப்பொருளில் வந்து முடிந்தது. இரண்டும் ஒரே கேள்வியின் இரு விடைகள் என்பதை அந்த ஆய்வகம் தன் போக்கிலேயே உணர்த்தியது. இதற்கிடையே ஜக்காலினின் முப்பரிமாண வடிவத்தை 1996-இல் பெங்களூரில் எம். விஜயனின் குழு வெளியிட்டது. திருச்சூர் மாவட்டத்துச் சேர்ப்பில் பிறந்தவர் விஜயன். கூட்டாசிரியர்களுள் ஒருவர் வேலூரில் பயின்ற சுரோலியா. முப்பட்டகம் போன்ற அந்த மடிப்பு அவரை, கொள்ளு போன்றவற்றின் லெக்டின் மடிப்பிலிருந்து முற்றிலும் வேறானது. பலா அவரைக் குடும்பம் அன்று. அத்தி, ஆல் இவற்றின் உறவு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது அடுத்துச் சொல்ல வேண்டியதற்குத் தேவை.

1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லையும் புற்றுச் செல்லையும் இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாது சுரக்கும் ஹைப்ரிடோமாவைப் படைத்தனர். இம்முறையின் பெருஞ்சிறப்பு பலரும் நினைப்பது போலத் தூய்மையில் மட்டும் இல்லை. தேடும் புரதம் எதுவென்று தெரியாமலேயே அதற்கு எதிர்ப்பொருள் செய்யலாம் என்பதில் இருக்கிறது. ஒரு கலவையை எலிக்குச் செலுத்தி, கிடைக்கும் நூற்றுக்கணக்கான குளோன்களில் எது சுவையான இடத்தில் ஒளிர்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். பெயர் பிறகு வரும்.

பேசல் பல்கலைக்கழகத்தின் பயோசென்ட்ரத்தில் ஹான்ஸ்-பீட்டர் ஹவுரியின் குழு செய்தது அதுவே. காக்கோ-2 எனப்படும் மனிதக் குடல் செல்களின் கோல்கைச் சவ்வுகளைக் கொண்டு எலிகளில் உருவாக்கிய குளோன்களில் ஜி1/93 என்ற ஒன்று விந்தையாக நடந்துகொண்டது. அது எண்டோபிளாச வலைப்பின்னலையும் ஒளிர்விக்கவில்லை. கோல்கை அடுக்கையும் ஒளிர்விக்கவில்லை. இரண்டிற்கும் இடையே குழாய்களும் குமிழ்களுமாகச் சிதறிக்கிடந்த ஒரு பகுதியைக் காட்டியது. ஷ்வைட்சர் முதலியோர் 1988-இல் எழுதிய கட்டுரை, அந்த எதிர்ப்பொருள் பற்றும் புரதத்திற்கு அதன் எடையைத் தவிர வேறு அடையாளம் எதுவும் தரவில்லை: 53 கிலோ டால்டன். இடைப்பகுதியின் பெயரும் எடையும் சேர்ந்து பின்னர் அது எர்ஜிக்-53 ஆயிற்று. அந்த இடைப்பகுதி நிலையான உறுப்பா, அல்லது போகிற வழியில் உருவாகி உருவாகிக் கலையும் ஊர்திகளின் கூட்டமா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. விவாதம் நடக்க முடிந்ததே ஜி1/93 அதனைக் கண்ணுக்குக் காட்டியதால்தான். எலிகளின் உறவினமான பெரிய எலிகளில் இதன் இணைப் புரதத்தை சராஸ்தே, பலாடே, ஃபார்குவர் ஆகியோர் முயல் எதிர்ப்பொருளால் 1987-இலேயே கண்டிருந்தனர் என்பதும் குறிக்கத்தக்கது.

புரதத்தின் அமினோ அமில வரிசை 1993-இல் தெரிந்தது. அதன் வால்முனையில் லைசின் இரண்டு, பினைல்அலனின் இரண்டு. இந்நான்கில் பின்னிரண்டு கோல்கை நோக்கிச் செல்லும் குமிழில் ஏறுவதற்கான சீட்டு, முன்னிரண்டு திரும்பி வருவதற்கான சீட்டு. செல்லின் உட்பயணத்தைக் கற்பிப்போர்க்கு இதைவிடச் சிக்கனமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆனால் உண்மையான வியப்பு வேறிடத்தில் இருந்தது. 1994-இல் ஃபீட்லரும் சைமன்ஸும் எர்ஜிக்-53-இன் தலைப்பகுதி அவரைக் குடும்பத்து லெக்டின்களின் வரிசையை ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினர். மறு ஆண்டே பிரான்சின் ஓர்லியான் நகரத்து ஆய்வாளர்கள், தாங்கள் இரத்தப் புற்றுச் செல்களிலிருந்து மேனோஸ் பற்றும் லெக்டினாகப் பிரித்து வைத்திருந்த புரதமும் எர்ஜிக்-53-உம் ஒன்றே என்று கண்டனர். கால்சியம் இருந்தால் மேனோஸைப் பற்றும் இந்த மனிதப் புரதம் அவரை லெக்டின்களின் செயல்படும் உறவினன் என்பதை 1996-இல் ஹவுரியின் குழுவே உறுதிப்படுத்தியது.

பலா இவ்வுறவில் சேராது. அதன் மடிப்பு வேறு என்பதை மேலே கண்டோம். கொள்ளும் வாளவரையும் சேரும். நூறாண்டுகளாக விதையிலிருந்து எடுத்து, செல்லை வெளியிலிருந்து தொட்டுப் பார்க்கப் பயன்படுத்திய கருவியின் நெருங்கிய உறவினன் அந்தச் செல்லுக்குள்ளேயே அமர்ந்து, புதிதாகப் பிறந்த புரதங்களின் மேனோஸ் சங்கிலியைப் பிடித்து வண்டியேற்றிக் கொண்டிருந்தான். அவனைக் காட்டிக்கொடுத்தது லெக்டின் அன்று, எதிர்ப்பொருள்.

இவ்வளவும் செல் உயிரியலாளர்களின் உள்விவகாரமாகவே முடிந்திருக்கக்கூடும், 1998 வராமல் இருந்திருந்தால். இரத்த உறைதல் காரணிகள் ஐந்தும் எட்டும் ஒருசேரக் குறையும் அரிய பரம்பரை நோய் ஒன்று 1954 முதலே அறியப்பட்டிருந்தது. இரு காரணிகளின் மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்க, இரண்டும் ஒன்றாக ஏன் குறைகின்றன என்பது நாற்பதாண்டுப் புதிராக இருந்தது. மிச்சிகனில் டேவிட் கின்ஸ்பர்கின் குழு நோயுள்ள குடும்பங்களை ஆராய்ந்து, குற்றவாளி பதினெட்டாம் குரோமோசோமில் உள்ள எர்ஜிக்-53-இன் மரபணு என்று கண்டது. நோயாளிகளின் செல்களில் எதிர்ப்பொருளைச் செலுத்திப் பார்த்தபோது அந்தப் புரதம் அறவே இல்லை. காரணிகள் ஐந்தும் எட்டும் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்த பெரிய புரதங்கள். அவற்றை ஏற்றிச் செல்லும் வண்டி இல்லாததால் அவை புறப்பட்ட இடத்திலேயே தேங்கின. உற்பத்தியில் பிழையில்லை, போக்குவரத்தில் பிழை. எல்லா நோயாளிகளிடமும் இம்மரபணு பழுதாகவில்லை என்பதும் தெரிந்தது. எர்ஜிக்-53-உடன் இணைந்து செயல்படும் எம்.சி.எஃப்.டி.2 என்ற சிறு புரதத்தின் மரபணுப் பழுதும் அதே நோயைத் தரும் என்று 2003-இல் கண்டனர்.

இவ்விடத்தில் கதை மீண்டும் வேலூருக்குத் திரும்புகிறது. ஒடுங்கு மரபணு நோயாதலால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் இது வெளிப்படும். உலகளவில் பத்து லட்சம் பேரில் ஒருவர் என்று மதிப்பிடப்படும் இதனை, மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள சமூகங்கள் கூடுதலாக எதிர்கொள்ள நேர்கிறது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இரத்தவியல் துறையினர், ஜயந்தரன், அலோக் ஸ்ரீவாஸ்தவா முதலியோர், மிலானின் ஃப்ளோரா பெய்வாண்டியின் குழுவுடன் இணைந்து இந்திய நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டனர். உலகின் பிற பகுதிகளில் எர்ஜிக்-53-இன் மரபணுப் பழுதே மிகுதியாகக் காணப்பட, இந்தியர்களிடம் எம்.சி.எஃப்.டி.2-இன் பழுதே மேலோங்கியிருந்தது. ஆகவே, யூதக் குடும்பங்களில் கண்டதை அப்படியே பெயர்த்து இங்கு ஒரே மரபணுவை மட்டும் சோதித்திருந்தால், பெரும்பாலான நோயாளிகளுக்கு 'பழுது எதுவும் இல்லை' என்ற அறிக்கையே போயிருக்கும். புரதத்தை எதிர்ப்பொருளால் தேடியிருந்தாலும் அதே ஏமாற்றம் காத்திருந்தது: எம்.சி.எஃப்.டி.2 பழுதான செல்லிலும் எர்ஜிக்-53 தன் இடத்தில் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கும். துணையில்லாத வண்டி, சரக்கை ஏற்றாது, நுண்ணோக்கியில் பார்ப்பவர்க்கு எல்லாம் சரியாகத் தோன்றும்.

நோயாளிகளிடம் இரு காரணிகளும் இயல்பளவில் ஐந்து முதல் முப்பது விழுக்காடு வரை இருக்கும். அதனால் அன்றாடத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு பல் பிடுங்கும்போதோ, பிரசவத்தின்போதோ இரத்தம் நிற்காமல் போவதில்தான் பலருக்கு நோய் தெரியவருகிறது. எட்டாம் காரணியைச் செறிவூட்டிய மருந்தாகப் புட்டியில் வாங்கலாம். ஐந்தாம் காரணிக்கு அப்படியொரு மருந்து சந்தையில் இல்லை. உறையவைத்த பிளாஸ்மாவைத்தான் ஏற்ற வேண்டும்.